கொப்பு வெட்டும் கூலி

மட்டக்களப்பின் கல்லடியில் நாங்கள் குடியிருக்கும் ஒழுங்கைக்குக் குடியிருப்பாளர் சங்கம் ஒன்று உண்டு. வடிகான், தெருவிளக்கு, குப்பை வண்டி, கட்டாக்காலி மாடு என்று அதன் கூட்டங்களில் பேசப்படாத விடயம் இல்லை. ஆனால் குரல் உயர்வதும், கதிரையைத் தள்ளிக்கொண்டு ஒருவர் எழுந்து போவதும் பெரும்பாலும் மரத்தின் பெயரால்தான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் பொருளாளர் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. சங்கத்தின் பழைய கணக்குப் புத்தகங்களையும் என் காலத்துக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மரத்துக்கென்று வெளியே போன பணத்தில் பெரும்பங்கு இரண்டே வழியால் போயிருப்பது தெரிந்தது: ஒன்று, "ஒரு சதமும் வேண்டாம், நாங்களே வெட்டிக்கொண்டு போகிறோம்" என்று வந்தவர்களை நம்பிய வழி, மற்றது, "மாரி வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போட்ட வழி. ஒழுங்காகக் கூலி கொடுத்துக் கொப்பு வெட்டிய ஆண்டுகளில்தான் செலவு குறைவாக இருந்தது. இதைக் கூட்டத்தில் சொல்லும்போது நேரம் போதவில்லை. ஆகவே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் நிலம் வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல். மாரியில் மண்வெட்டியால் கொஞ்சம் ஆழமாகக் கொத்தினாலே குழியில் தண்ணீர் ஊறிவிடும். அப்படிப்பட்ட மண்ணில் வேர் கீழே போனால் நீரில் மூழ்கிக் காற்றில்லாமல் அழுகும் என்பதால், மரங்கள் வேரைப் பக்கவாட்டில் விரித்தே நிற்கின்றன. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் கொட்டித் தீர்க்கிறது. நனைந்த மணலும் வடகீழ்க் காற்றும் ஒரே மாதத்தில் கைகோத்துக்கொள்ளும் ஊர் இது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட தலைமுறை இன்னும் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறது. தென்னந்தோட்டங்கள் ஒரே திசையில் சாய்ந்து கிடந்ததை அவர்கள் சொல்லும்போது, மரம் என்றாலே ஏன் பயப்படுகிறார்கள் என்பது விளங்கும். மறுபக்கம், ஆனி ஆடியில் கச்சான் காற்று நெருப்பாக வீசும்போது மாமரத்தின் கீழ் கதிரை போட்டு உட்காராதவர் எவரும் இல்லை. ஆகவே சங்கத்தில் எப்போதும் இரண்டு கட்சி: வீட்டுக்குக் கிட்ட மரமே வேண்டாம் என்பவர்கள் ஒரு பக்கம், ஒரு கொப்பையும் தொடாதே என்பவர்கள் மறுபக்கம். பொருளாளரின் இடம் இரண்டுக்கும் நடுவே, பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு.

செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன் மரங்களை எழுதவேண்டும். ஒரு சீஆர் கொப்பியை எடுத்து, ஒழுங்கையின் முகப்பிலிருந்து கடைசி வீடு வரை நடந்து, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினோம். இனம், நெஞ்சு உயரத்தில் சுற்றளவு, நிற்கும் இடம், சாய்வு, கீழே என்ன இருக்கிறது, யாருடையது என்று அதில் விபரம். ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: "வேம்பு. சுற்றளவு ஆறடி. ஒழுங்கை வளைவில், மதிலோடு ஒட்டி. வேர் மதிலின் அத்திவாரத்தைத் தூக்கியுள்ளது. தெற்குக் கொப்பு மின்கம்பிக்கு மேல். இரண்டாள் உயரத்தில் பழைய வெட்டு, அதில் பொந்து, விரல் விட்டால் ஈரம். பொந்தில் கிளி இருக்கிறது." கடைசி வரியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டுக்கொண்டதற்காகச் சேர்த்தேன், ஆனால் பொந்தின் ஆழத்தைச் சொல்வதற்கு அது உதவாத தகவலும் அல்ல. இந்தக் கொப்பி வந்த பிறகு கூட்டத்தில் "அந்த மரம் ஆபத்து" என்று பொதுவாகப் பேசுவது குறைந்தது. எந்த மரம், எந்தக் கொப்பு, அதன் கீழே எது என்று கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடுகிறது.

அடங்காத பாதி, "யாருடையது" என்ற நிரலில் இருக்கிறது. வளவுக்குள் நிற்கும் மரம் வளவுக்காரருடையது. அதில் விவாதம் இல்லை. பிரதான வீதியோரத்து மரங்கள் வீதிக்குப் பொறுப்பானவர்களுடையவை. நாங்கள் அவற்றில் கை வைக்கக் கூடாது, கடிதம்தான் எழுதலாம். நடுவே ஒரு கூட்டம் இருக்கிறது: சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் ஒழுங்கை ஓரத்தில் ஆளுக்கொன்றாக நட்டவை. நட்டவர் ஒருவர், தண்ணீர் ஊற்றியவர் இன்னொருவர், நிலம் மாநகர சபையுடையது, கொப்பு விழப்போவது மூன்றாமவரின் கூரைச் சீற்றின் மேல். இந்த மரங்களுக்குச் சங்கமே பொறுப்பு என்று ஒரு தீர்மானம் எழுதிக் கையொப்பம் வாங்கினோம். சட்டப்படி அந்தத் தீர்மானத்துக்குப் பெறுமதி எவ்வளவு என்று யாரும் கேட்கலாம். நடைமுறையில் அதன் பெறுமதி, மாநகர சபைக்கு அனுமதி கேட்டு எழுதும்போது ஒரே கடிதமாக, ஒரே முகவரியோடு போகலாம் என்பதுதான்.

இனி அந்தச் "சும்மா வெட்டித் தாறம்" கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் சங்கங்கள் மிகவும் ஏமாறுகின்றன. வளைவில் நிற்கும் அதே வேம்பைப் பார்க்க ஒருவர் வந்தார். கொப்பு மின்கம்பியின் மேல் கிடக்கிறதே என்று நாங்கள் கையை உயர்த்திக் காட்டினோம். அவர் அண்ணாந்து பார்க்கவேயில்லை. நேரே போய் இரண்டு கையாலும் அடிமரத்தைக் கட்டிப்பிடித்தார், விரல் நுனிகள் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று பார்த்தார், தரையிலிருந்து கொப்புப் பிரியும் முதற்கவர் வரை சாணால் அளந்தார். பிறகு சொன்னார்: "சேர், இது உள்ளுக்குக் கோறை. இந்த மாரிக்கு நிக்காது. அடியோட தறிச்சு எடுக்கிறம், உங்களுக்குச் செலவே இல்ல." எனக்குப் பக்கத்தில் நின்ற ஓய்வு பெற்ற ஆசிரியர் அமைதியாகக் கேட்டார், "கோறை விழுந்த மரம் உனக்கு என்னத்துக்கு, தம்பி?" வந்தவர் சற்றும் தயங்கவில்லை. "கோறை மேலதான் சேர், அடி நல்லம்."

அவரைக் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவர் மர வியாபாரி, மரத்தின் விலையைப் பார்த்தார். குறை, மரத்தின் நலத்தைப் பற்றிய கருத்தை மரத்தை வாங்குபவரிடம் கேட்பதில் இருக்கிறது. வேம்பு, பலா, மலைவேம்பு, முற்றிய நிழல்வாகை எல்லாவற்றுக்கும் மரக்காலையில் விலை உண்டு. அவர்களுக்கு வேண்டியது கவருக்குக் கீழே உள்ள நேரான துண்டு மட்டுமே. கொப்பும் குழையும் எங்களுக்கு. அவற்றை ஏற்ற டிராக்டர் நாங்கள் பிடிக்கவேண்டும். குற்றியும் எங்களுக்கு, அதில் கறையான் ஏறி அடுத்த மதிலுக்கு வரும். அடிமரம் விழும்போது உடைந்த மதிற்கல்லும் வடிகான் மூடியும் எங்களுக்கு. எங்கள் பழைய கணக்கில் "மரம் தறித்தது: செலவு இல்லை" என்று ஒரு வரியும், அதற்குக் கீழே அடுத்தடுத்த மாதங்களில் டிராக்டர், மேசன், சீமெந்து, மூடி என்று நான்கு வரிகளும் இருக்கின்றன. நான்கு வரியையும் கூட்டினால், அந்த மரத்தின் கொப்புகளைப் பல ஆண்டுகளுக்குக் கூலி கொடுத்து வெட்டியிருக்கலாம். இப்போது எங்கள் விதி எளிமையானது: கொப்பு வெட்டுபவருக்கு விறகும் மரமும் கூலியாகக் கொடுக்கப்படுவதில்லை. கூலி காசாக, விழுகிற விறகு சங்கத்துடையது, அதை ஒழுங்கையில் உள்ளவர்களுக்கே விற்று நிதியில் சேர்க்கிறோம். அடிமரத்தை எடுத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்தவுடன், எத்தனையோ "ஆபத்தான" மரங்கள் திடீரென்று நல்ல மரங்களாகிவிடுகின்றன.

வேம்பின் கொப்பை வெட்டியது ஆரையம்பதிப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அண்ணன். தென்னை ஏறும் குடும்பத்தில் பிறந்தவர், மர வாளில் கை பழகியவர். அவர் வேலை செய்ததைக் கீழே நின்று பார்த்தேன். தொடைப் பருமனான கொப்பு. முதலில் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கொப்பின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு. பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து கீழாக இன்னொரு வெட்டு. கொப்பு முறிந்து கயிற்றில் தொங்கியது, பட்டை உரியவில்லை. கடைசியில் மிஞ்சிய கட்டையை, கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போல் புடைத்திருக்கும் சுருக்கத்துக்கு வெளியே வைத்து அறுத்தார். மோதிரத்தைத் தொடவும் இல்லை, கட்டையை நீட்டி விடவும் இல்லை. "இதுக்குள்ள வாள் போனா மூடாது சேர். இதுக்கு வெளியில நீட்டி விட்டாலும் மூடாது," என்றார். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து 1970களில் நிறுவியதும் இதைத்தான்: மரத்தில் காயம் ஆறிப் பழைய நிலைக்கு வருவதில்லை, அழுகலைச் சுற்றி மரம் தனக்குள்ளே சுவர் எழுப்பி அதை அடைத்துவிட்டு, மேலே புதுமரம் வளர்க்கிறது. அந்தச் சுவரை எழுப்பும் பகுதி அந்த மோதிரத்தில் இருக்கிறது. அதை அறுத்தெறிந்துவிட்டு வெட்டுவாயில் தாரோ பழைய பெயின்ரோ பூசினால் அழுகல் நிற்காது. பூசியவரின் மனம் ஆறும், அவ்வளவுதான்.

இது செலவுக் கணக்கோடு நேரே தொடர்புடையது. மரத்தின் தலையை மொட்டையாக அறுத்துவிடுவது எங்கள் ஊரில் இன்னமும் வழக்கம். பார்த்தவுடன் வேலை நடந்த மாதிரி இருக்கும், ஒரு நாளில் முடியும், கூலியும் குறைவு. அடுத்த மாரியில் வெட்டுவாயைச் சுற்றிப் பத்துப் பதினைந்து தளிர்கள் கம்பு கம்பாக மேலெழும். அவை மரத்தின் உள்ளிருந்து வளர்ந்த கொப்புகள் அல்ல, வெளித்தோலில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. இரண்டு மூன்று ஆண்டில் கை பருமனாகிக் காற்றுக்கு முறியும். கீழே வெட்டுவாயும் அழுகிக்கொண்டிருக்கும். எனவே அந்த மரத்துக்கு மறுபடி ஆள் பிடிக்கவேண்டும், அதற்கடுத்தும் பிடிக்கவேண்டும், ஒவ்வொரு முறையும் முன்னதைவிட ஆபத்தான ஏற்றம், ஆகவே கூடின கூலி. ஒரே முறையில் இலைத்தலையின் கால்பங்குக்கு மேல் எடுக்காமல், காய்ந்ததையும் உரசுவதையும் கூரைக்கு நீள்வதையும் மட்டும் எடுத்தால், பெரிய மரத்துக்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கை வைத்தால் போதும். மின்கம்பிக்காக ஒரு பக்கத்தை மட்டும் வெட்டவேண்டி வரும் மரத்துக்கு வேறு கவனிப்பு வேண்டும்: கம்பியைக் காப்பாற்றுவது ஒரு வேலை, மரத்தின் பாரத்தைச் சமன் செய்வது இன்னொரு வேலை. முன்னதை மின்சாரத்தைத் துண்டித்து மின்சாரத்துறை ஆட்கள் செய்யவேண்டும். பின்னதற்கு மறுவாரம் எங்கள் ஆளை ஏற்றவேண்டும். கம்பிக்குக் கிட்ட நாங்களாக யாரையும் ஏற்றுவதில்லை, எவ்வளவு மலிவாகக் கேட்டாலும்.

கொந்தராத்தா நாட்கூலியா என்ற கேள்வியில் சங்கத்தில் எனக்கும் செயலாளருக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை. மொத்தமாகப் பேசிவிட்டால் செலவு முன்கூட்டியே தெரியும் என்பது அவர் கட்சி. மொத்தமாகப் பேசினால் சீக்கிரம் முடிப்பவருக்கே லாபம், சீக்கிரம் முடிக்கும் வழி பெரிய கொப்பாகப் பார்த்து அறுப்பதே என்பது என் கட்சி. நாட்கூலியில் வேலை இழுபடும் என்று அவர் சொல்வதும் பொய்யில்லை. இப்போதைக்கு ஒரு நடுவழியில் போகிறோம்: வெட்டவேண்டிய கொப்புகளை முதல்நாளே கீழிருந்து பார்த்து, எட்டுகிறவற்றில் சுண்ணாம்பால் கோடு போட்டு, எட்டாதவற்றைப் படம் எடுத்துக் கைத்தொலைபேசியில் வட்டம் போட்டு அனுப்பி, அந்தக் கொப்புகளுக்கு மட்டும் மொத்தவிலை பேசுகிறோம். கோடு போடாத கொப்பு விழுந்தால் அதற்குக் கூலி இல்லை.

விலையை உண்மையில் குறைப்பது பேரம் பேசுவது அல்ல, எல்லா மரத்தையும் ஒரே கிழமையில் செய்வது. ஏறுபவர், கயிறு பிடிக்கும் இருவர், வாள், எண்ணெய், டிராக்டர் எல்லாம் ஒரு கொப்புக்கு வந்தாலும் வருகைச் செலவு ஏறக்குறைய அதுவேதான். தனித்தனியாக ஒவ்வொரு வீட்டாரும் ஆள் பிடித்த காலத்தில் ஒழுங்கைக்குள் அதே டிராக்டர் மாறி மாறி வந்து போய்க்கொண்டிருந்தது. இப்போது ஆவணிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாதிக்குள் முடிக்கிறோம். அப்போது மண் காய்ந்து கிடக்கும், ஏணி புதையாது, டிராக்டரின் சில்லு வேரை நசுக்காது, ஏறுபவர்களுக்கும் வேலை குறைந்த நேரம். கார்த்திகையில் மழைக்குள் கூப்பிட்டால் வருகிறவர் கேட்கும் விலைக்கு மறுபேச்சு இல்லை. அவர் உயிரைப் பணயம் வைத்தல்லவா ஏறுகிறார். விழுந்த குழையில் பலா இலையும் பூவரசும் ஆடு வளர்ப்பவர்கள் கையோடு கொண்டுபோய்விடுவார்கள். மற்றதை விளையாட்டு வளவின் மூலையில் குழி வெட்டிப் பசளையாக்குகிறோம். இதே கிழமையில் கூரைப் பீலிகளில் கிடக்கும் சருகையும் வாரச் சொல்வது என் பிடிவாதம். பீலியில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகினால் பழி மரத்தின் மேல் வரும், அடுத்த கூட்டத்தில் தறிக்கச் சொல்லி ஒரு கை உயரும்.

பணத்தை எப்படிப் பங்கிடுவது? டெக்சாஸில் இருக்கும் என் மச்சானுக்கு இந்தக் கேள்வியே வேடிக்கை. அங்கே பல குடியிருப்புகளில் வீட்டை வாங்கும்போதே காணி உறுதியோடு வீட்டு உரிமையாளர் சங்கத்தின் அங்கத்துவமும் சேர்ந்து வந்துவிடுகிறது; சந்தா கட்டாவிட்டால் அந்தக் கடன் வீட்டின் மேலேயே ஏறும். கலிபோர்னியாவில், பொதுச் சொத்துகளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் பார்த்து, அவற்றைப் பழுதுபார்க்கச் சேமநிதி போதுமா என்று கணக்கிடவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எங்கள் நாட்டிலும் தொடர்மாடி வீடுகளுக்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் உண்டு. முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உரிமையாளர்களிடம் பராமரிப்புப் பணம் அறவிடலாம். ஒழுங்கையில் தனித்தனி வளவுகளில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது பொருந்தாது. எங்கள் சங்கத்தின் கையில் இருப்பது பற்றுச்சீட்டுப் புத்தகமும் முகத்தாட்சணியமும்தான். ஆகவே தொகை சிறிதாக இருக்கவேண்டும், மாதா மாதம் இருக்கவேண்டும், செலவு எல்லோருக்கும் தெரியவேண்டும். 28 வீடுகள் மாதம் 300 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 100,800 ரூபாய். இதில் பாதியைப் புரட்டாதி வேலைக்கும், கால்பங்கைத் தொடக்கூடாத அவசர வைப்பாகவும், மிச்சத்தைக் கன்று, பசளை, கருவி, கடிதச் செலவு என்றும் பிரித்து வைக்கிறோம். எல்லோரும் கட்டுவதில்லை, கட்டாதவர்களின் பெயரை வாசிக்கும் வழக்கத்தை நான் நிறுத்திவிட்டேன். பெயர் வாசித்த ஆண்டுகளில் வரவு கூடியதாகக் கணக்கு காட்டவில்லை.

ஒழுங்கையோரத்துப் பொதுமரங்களுக்கு முழுச் செலவும் நிதியிலிருந்து. வளவுக்குள் நின்று ஒழுங்கைக்கு நீளும் மரத்துக்குப் பாதி நிதி, பாதி வளவுக்காரர். நிழல் வெளியே விழுகிறது, மாங்காய் உள்ளே விழுகிறது என்பது இதற்கான நியாயம். முழுக்க வளவுக்குள்ளேயே இருப்பதற்கு நிதியிலிருந்து காசு இல்லை, ஆனால் சங்கத்தின் ஆட்களை அதே விலைக்கு அன்றைக்கே பயன்படுத்திக்கொள்ளலாம். வீட்டின் முகப்பு அகலத்தைக் கொண்டு சந்தா பிரிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கணக்குக்கு அழகாக இருந்தது, ஆனால் அகலமான முகப்புள்ள வளவு ஒன்றில் ஓய்வூதியம்கூட இல்லாத ஒரு அம்மா தனியே இருக்கிறார் என்பதால் அதை விட்டுவிட்டோம். கனடாவிலும் சுவிஸிலும் இருப்பவர்களின் வெறும் வளவுகள் இன்னொரு தலையிடியாக இருக்கும் என்று நினைத்திருந்தோம். உண்மையில் அவர்கள்தான் படம் அனுப்பியவுடன் காசு அனுப்புகிறார்கள். சிக்கல் வேறு: தூரத்தில் இருப்பவருக்கு மரத்தைப் பற்றிய கவலை இரட்டிப்பு, ஆகவே "அடியோடு எடுத்துவிடுங்கள், எவ்வளவு என்றாலும் தருகிறேன்" என்பதுதான் பெரும்பாலும் பதில். அவர்களிடம் பணம் வாங்குவதைவிட மரத்தைக் காப்பாற்றுவதற்கே அதிகம் எழுதவேண்டியிருக்கிறது.

அடியோடு எடுப்பதற்கும் அவ்வளவு சுலபமாக வழி இல்லை. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது, சொந்த வளவில் நின்றாலும். கிராம உத்தியோகத்தரின் சிபாரிசோடு பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும். எங்களுக்கு அது மண்முனை வடக்கு. தறித்ததை வெளியே ஏற்றிச் செல்வதற்கு இனத்தைப் பொறுத்து வேறு அனுமதிப்பத்திரமும் தேவைப்படும். இந்தச் சட்டத்தைத் தொல்லை என்று திட்டுபவர்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். பஞ்ச காலத்தில் சோறில்லாத வீடுகளைக் காத்தது பலாக்காய் என்பதை நான் அவர்களுக்குச் சொல்வதுண்டு. கணக்கைப் பொறுத்தவரை இதன் பொருள், விண்ணப்பத்தை ஆனி மாதத்திலேயே கொடுத்தால்தான் புரட்டாதி வேலையோடு அதையும் சேர்க்கலாம். பிந்தினால் ஒரு மரத்துக்காக மறுபடியும் ஆளும் டிராக்டரும்.

அயலவர் சண்டைக்கு நீதிமன்றம் போனால் நிதி முழுவதும் போதாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள் இதற்கென்றே இருக்கின்றன. செலவு மிகக் குறைவு, சட்டத்தரணி தேவையில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு தென்னை பக்கத்து வீட்டுச் சீற்றுக்கு மேல் சாய்ந்து நின்றது. தேங்காய் விழுந்து சீற் உடைந்தது, வார்த்தை தடித்தது. சபைக்குப் போவதற்கு முதல்நாள் இரவு இரு வீட்டுப் பெண்களும் வேலிக்கு மேலால் பேசி முடித்துவிட்டார்கள்: ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை காய் பறிப்பது, பறிக்கிற அன்று சீற்றுக்காரருக்குப் பத்துக் காய். தேங்காய் விலை ஏறிய பிறகு அந்த மரத்தைத் தறிக்கச் சொல்லி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெண் ஈ வந்து ஓலை கரி பிடித்தபோது மருந்தடிக்கும் செலவில் பாதியைச் சீற்றுக்காரர் தானாகவே கொடுத்தார் என்பதையும் பொருளாளர் என்ற முறையில் பதிவு செய்கிறேன்.

ஒரு செலவை எந்தச் சங்கமும் வரவுசெலவில் எழுதுவதில்லை: ஏறியவர் விழுந்தால் என்ன செய்வது? கேட்டால், "அவர் தொழில் தெரிந்தவர்" என்பார்கள். தொழில் தெரிந்தவர்தான் விழுகிறார், தெரியாதவர் ஏறுவதேயில்லை. இரண்டு கயிறு, தலைக்கவசம், கீழே ஒழுங்கையை மறிக்க இரண்டு பேர், வேலை நடக்கும் நாட்களுக்கு அவர்களின் பெயரில் ஒரு விபத்துக் காப்புறுதி இவை நான்கும் இல்லாமல் நான் காசோலையில் கையொப்பம் வைப்பதில்லை. காப்புறுதிப் பணம் வீண் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த வாதத்துக்கு மட்டும் நான் செவி கொடுக்கவில்லை.

மிகவும் மலிவான பராமரிப்பு மரம் ஆளுயரத்தில் இருக்கும்போது செய்வது. கன்று நட்ட மூன்றாம் ஆண்டில் இரட்டைத் தண்டு விட்டிருந்தால் ஒன்றை நுனியில் கிள்ளி அடக்குவதற்கு ஒரு சின்னக் கத்தரி போதும். அதே கவரை இருபது ஆண்டு கழித்து இரும்புக் கம்பியால் கட்டவோ அறுக்கவோ போனால் கூலி என்னவென்று மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. மின்கம்பிக்குக் கீழே தேசியோ மாதுளையோ செவ்வரத்தையோ போதும்; வேம்பு, நாவல், மருது எல்லாம் விளையாட்டு வளவின் விளிம்புக்கு. அடிமரத்தை ஒட்டி இன்டர்லொக் கல் பதிக்கக் கேட்டு வருபவர்களிடம், மரத்தைச் சுற்றிக் குறைந்தது நான்கடி மண்ணை வெறுமையாக விடச் சொல்கிறோம். வடிகானுக்காக ஒரு பக்கத்து வேரை முழுதாகக் கொத்தி எடுத்த மரம்தான் அடுத்த மாரியில் மறுபக்கம் சாய்கிறது, அதற்குப் பிறகு "காற்றில் விழுந்தது" என்று பெயர்.

இந்த ஆண்டுக் கூட்டத்தில் பெரிய விடயம் விளையாட்டு வளவின் நிழல்வாகை. குடை போல் விரிந்த மரம். ஒழுங்கையின் பாதிப் பிள்ளைகள் அதன் கீழ்தான் கிரிக்கெட் பழகினார்கள். நீண்ட மூன்று கொப்புகள் வளவைத் தாண்டிப் பாலர் பாடசாலைக் கூரைக்கு மேலே போய்விட்டன. இரண்டு மதிப்பீடு கேட்டிருக்கிறோம்: ஒன்று முழுவதும் தறித்து அகற்ற, மற்றது அந்த மூன்று கொப்புகளின் நுனிப் பாரத்தை இரண்டு தவணையில், இரண்டு ஆண்டுகளில், குறைத்து எடுக்க. தறிக்கும் மதிப்பீட்டில் அடிமரத்தின் விலையைக் கழித்துக் காட்டியிருக்கிறார்கள், ஆகவே அது மலிவாகத் தெரிகிறது. குற்றியையும் குழையையும் யார் எடுப்பது என்பது அதில் இல்லை. இரண்டாவது மதிப்பீட்டில் காப்புறுதி உட்பட எல்லாம் எழுதியிருக்கிறது. என் வாக்கு எதற்கு என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் பாலர் பாடசாலைப் பெற்றோரின் வாக்குகள் வேறு பக்கம் இருக்கின்றன, அவர்களின் பயத்தைக் கணக்கால் மட்டும் தீர்க்க முடியாது. ஆகவே முதல் தவணை வேலை முடியும்வரை பிள்ளைகள் வடக்கு வாசலால் போய்வரலாம் என்று பாடசாலையோடு பேசி எழுத்தில் வாங்கியிருக்கிறேன். தறிப்பவர்களிடம் குற்றிக்கும் குழைக்கும் சேர்த்துத் திருத்திய மதிப்பீடு கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. கூட்டத்துக்கு முன் வந்தால் இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பேன்.